நீலம் பச்சைக்குச் சாய்கிறது

பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கிறேன் என்று சொன்னால் கொலு பொம்மையா என்று கேட்பார்கள். இல்லை, பழைய காலத்துக் கப்பல்காரர்களின் பொம்மை என்றால் பேச்சு அதோடு நின்றுவிடும். பள்ளிபாளையத்தில் குடியிருந்துகொண்டு கப்பலைப் பற்றிப் பேசுகிறவனிடம் மேற்கொண்டு என்னதான் கேட்பது? எங்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் காவிரி. அதில் மிதப்பது ஆகாயத்தாமரை.

பொம்மை என்றாலும் விளையாட்டுச் சாமான் இல்லை. ரெசினில் வார்த்த சுண்டுவிரல் உயர உருவங்கள். இருநூறு வருடங்களுக்கு முந்தைய கடற்படை அதிகாரி, பீரங்கிக்கு மருந்து சுமக்கிறவன், பாய்மரக் கயிறு இழுக்கிற மாலுமி என்று சாம்பல் நிறத்தில் மொட்டையாக வந்து சேரும். அதற்கு அடிப்பூச்சு கொடுத்து, நாலு முடி மட்டும் நீண்டிருக்கிற பிரஷ்ஷால், அந்த ஆள் அந்தக் காலத்தில் என்ன உடுத்தினானோ அதே நிறத்தைக் கொண்டுவர வேண்டும். சேலம், ஈரோடு, நாமக்கல் பக்கம் இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் இருபது பேர் தேறுவோம். வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில், காதுகுத்து வைக்கிற ஒரு சின்ன மண்டபத்தைப் பிடிப்போம். மேசை மேல் வெள்ளைத் துணி விரித்து, பொம்மைகளை வரிசையாக வைத்து, மதிப்பெண் போடுவோம். பொம்மைகள் உடையாமல் வந்து சேருவது முட்டை அட்டையில். ஒரு குழிக்கு ஒரு மாலுமி, சுற்றிலும் பஞ்சு. நான் அந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் மனைவி வாசல் வரை வந்து, "முட்ட யாவாரத்துக்குக் கெளம்பியாச்சுங்களா?" என்பாள்.

மதிப்பெண் போடுகிற மூன்று பேரில் நானும் ஒருவன். தயாரிப்புக்கு ஒருவர், சரித்திரத்துக்கு ஒருவர், வண்ணத்துக்கு நான். வண்ணம் எனக்கு வந்ததற்குக் காரணம் என் வேலை. சாயப்பட்டறை லேபில் முப்பது வருடமாக ஷேடு பார்க்கிறேன். வாடிக்கையாளர் கொடுத்த துணித்துண்டையும் நாங்கள் சாயமேற்றிய துணியையும் லைட் பாக்ஸுக்குள் அடுத்தடுத்து வைத்து, ஒன்றுதான் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். நான் இல்லை என்று சொன்னால் ஒரு லாட் முழுவதும் திரும்பச் சாயத் தொட்டிக்குப் போகும். அதனால் எனக்கு என் கண்ணைப் பற்றி ஒரு மண்டைக்கனம் உண்டு. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

எங்கள் மதிப்பீட்டு விதிகளை எழுதியதும் நான்தான். பொம்மைக்குக் கீழே பெயர் இருக்கக் கூடாது, எண் மட்டும்தான். தாளில் மதிப்பீட்டாளர் கையெழுத்துப் போடக் கூடாது. மதிப்பெண்ணுக்குக் கீழே ஒரே ஒரு வரி குறிப்பு எழுதலாம். கார்பன் வைத்து எழுதியதில் ஒரு பிரதி பொம்மைக்காரருக்கு, ஒன்று என் பீரோவுக்கு. இவை எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று உண்டு. தாளில் எழுதியதைப் பற்றி மதிப்பீட்டாளர் யாரிடமும் பிற்பாடு வாய் திறக்கக் கூடாது. பொம்மையைத்தான் பார்க்கிறோம், ஆளைப் பார்ப்பதில்லை என்று ஒவ்வொரு வருடமும் மைக்கைப் பிடித்துச் சொல்வேன். இருபது பேருக்கு எதற்கு மைக் என்று பாய் கேலி செய்வார்.

பாய்க்குச் சேலம் டவுனில் போட்டோ பிரேம் கடை. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். பதினைந்து வருடத்துக்கு முன்னால், என் கல்யாணப் போட்டோவின் கண்ணாடி உடைந்து அதை மாற்றப் போனபோதுதான் பழக்கம். கல்லாவுக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதற்குள் தலையில் துணி சுற்றிய ஒரு மாலுமி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தான். கன்னத்தில் வெயில் பட்ட சிவப்பு. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியை வெட்டிக்கொண்டே அவர், "லஸ்கரு தம்பி. வெள்ளக்காரன் கப்பல்ல பாதி ஆளுங்க நம்மாளுங்கதான்" என்றார்.

"சேலத்துல உக்காந்துட்டு ஏனுங்க கப்பல்காரன்?"

"இங்க கடல் இல்லல்ல? அதான்."

அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு சங்ககிரி வழியாக பஸ் ஏறிப் போய்விடுவேன். கீழே கடையில் பிரேம் அளவுகளை நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போவேன், கடைக்கு மேலேதான் அவர் வீடு. ஜன்னலோரம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து அடிப்போம். அக்கா, அதாவது அவர் மனைவி, தேநீரைக் கொண்டுவந்து பிரஷ் கழுவுகிற டம்ளருக்கு எட்டத் தள்ளி வைப்பார். ஒருமுறை நான் பெயிண்ட் தண்ணீரைக் குடித்துவிட்டேன், அதிலிருந்து அந்த ஏற்பாடு.

எனக்குக் கண் உண்டே தவிர அந்தக் கை கிடையாது. பாய் ஒரு கழுத்துத் துணியின் முடிச்சை ஒரே இழுப்பில் போட்டு எடுத்துவிடுவார். நான் அதையே ஏழு தடவை தொட்டுத் தொட்டுக் கெடுப்பேன். கடையில் விற்கிற வண்ணங்களை அவர் அப்படியே தொடமாட்டார். அவரே கலந்து, ஹோமியோபதி மாத்திரை வருகிற குட்டிப் பாட்டில்களில் ஊற்றி வைத்திருப்பார். ஐம்பது அறுபது பாட்டில் இருக்கும், ஒன்றிலும் லேபிள் கிடையாது. "லேபிள் பாத்து அடிக்கிறவன் கம்பவுண்டரு தம்பி, பெயிண்டர் இல்ல" என்பார். அவருடைய பொம்மைகளை எண்ணுக்குப் பின்னால் எப்படி மறைத்தாலும் எனக்குத் தெரியும். கண்ணுக்குச் சுத்த வெள்ளை வைக்க மாட்டார், துளி பழுப்பு சேர்ப்பார். வெள்ளையாக வைத்தால் மாலுமி பேயைப் பார்த்தவன் மாதிரி முழிப்பான் என்பது அவர் கட்சி.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு போட்டி ஞாயிறு. மேசையில் பதினோராம் எண், ஒரு கடற்படை அதிகாரி. பார்த்ததும் பாய் என்று தெரிந்துவிட்டது. முகம் அற்புதம். தோளின் மடிப்புகள் அற்புதம். ஆனால் கோட்டு சரியில்லை. கடற்படை நீலம் கிட்டத்தட்டக் கறுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற நீலம். இந்தக் கோட்டில் பாசி படிந்த மாதிரி ஒரு பச்சை ஓடிற்று. என் லென்ஸை வைத்துப் பார்த்தேன், ஜன்னலுக்குத் திருப்பிப் பார்த்தேன். ஆள் யாரென்று எனக்குத் தெரிந்ததாலேயே இரண்டு மதிப்பெண் கூடுதலாகக் குறைத்தேன். கீழே எழுதினேன்: 'நீலம் பச்சைக்குச் சாய்கிறது. ஆதாரம் பார்க்கவும்.'

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எழுதும்போது உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. இத்தனை வருடமாக அந்தக் கையில் ஒரு குறையும் கிடைக்காமல் இருந்தவனுக்கு ஒன்று கிடைத்தது.

இரண்டு வாரம் கழித்து நான் போனபோது ஜன்னலோரம் புதிதாக ஒரு விளக்கு நின்றது. வளைகிற கழுத்து, வெள்ளை வெளிச்சம். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் தாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடித்துக்கொண்டே இருந்தவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "தம்பி, நேவி ப்ளூன்னா நீங்க எதச் சொல்வீங்க? உங்க பட்டறையில இருந்து ஒரு துண்டுத் துணி கொண்டாந்து தர முடியுமா?"

"அதப் பத்தியெல்லாம் நாம பேசக் கூடாதுங்க பாய். ரூலு இருக்குதுல்லங்க?"

"ஆமா, ஆமா. மறந்துட்டேன்" என்று சிரித்தார்.

ஒரு சாண் துணி. எங்கள் லேபில் அது குப்பைக் கூடையில் கிடக்கும்.

அடுத்த வருடம் பீரங்கிக்காரன். நீலக் குட்டைச் சட்டை, கழுத்தில் மஞ்சள் துணி. சட்டை முந்தைய வருடத்தைவிடப் பச்சை. மஞ்சள் துணி பால் வெள்ளையாக வெளிறிப்போயிருந்தது. சரித்திரம் பார்க்கிறவர் என்னிடம் வந்து, "இப்படி ஒரு சீருடை எந்த நாட்டுலயும் இல்லையே" என்று மெதுவாகச் சொன்னார். நான் எழுதினேன்: 'மீண்டும் அதே நீலம். மஞ்சளும் தவறு. அலட்சியம்.'

அதற்கும் அடுத்த வருடம், அதாவது போன வருடத்துக்கு முந்தைய வருடம், அவர் பெரிதாக ஒன்று கொண்டுவந்தார். துடுப்புப் படகு ஒன்று, அதில் ஆறு மாலுமிகளும் ஒரு அதிகாரியும். எட்டு மாத வேலை என்று அக்கா எப்போதோ சொல்லியிருந்தார். ஆறு மாலுமிகளின் முதுகும் ஆறு விதமாக வளைந்திருந்தது. ஒருவன் துடுப்பை விட்டுவிட்டுக் கையை ஊதிக்கொண்டிருந்தான். மண்டபத்தில் எல்லோரும் அந்த மேசையைச் சுற்றி நின்றார்கள். ஆனால் ஆறு சட்டையும் பச்சை, நன்றாகவே பச்சை. அதிகாரியின் தோளில் தங்கப் பின்னல் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை இழை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இப்பேர்ப்பட்ட கையை வைத்துக்கொண்டு இந்த மனிதர் ஏன் இப்படிச் செய்கிறார், நான் இரண்டு வருடமாக எழுதுவதைப் படிக்கிறாரா இல்லையா என்று தோன்றியது. பேனாவை அழுத்தி எழுதினேன். பீரோவில் இருக்கும் பிரதியில்கூட அந்த அழுத்தம் தெரிகிறது: 'கண்ணைத் திறந்து பார்த்துக் கலக்கவும்.'

அவருக்கு அந்த வருடம் இடமே கிடைக்கவில்லை. படகை முட்டை அட்டையில் வைக்க முடியாது, ஷூ பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார். ஏறும் முன் என்னைப் பார்த்துக் கையாட்டினார்.

இதை இங்கே சொல்லாவிட்டால் மேலே எழுதியதற்கெல்லாம் அர்த்தம் இல்லை. எங்கள் லேபில் எனக்கு மூத்த ஒருவர் இருந்தார். நான் சேர்ந்த சில வருடங்களில், அவர் சரி சொன்ன நீலத் துணிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சைக்குச் சாய்ந்து திரும்பி வந்தன. நாங்கள் இளவட்டங்கள் கிசுகிசுவென்று சிரித்தோம். மேனேஜர் சிரிக்கவில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும்போது கொடுக்கிற தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். சட்டைப் பித்தான் அளவில் வரிசையாக வண்ண வில்லைகள், அவற்றைச் சாயல் மாறாமல் அடுக்க வேண்டும். அவர் நீலத்தையும் பச்சையையும் கலந்து அடுக்கினார். "கை ஒரே பக்கமா தப்புதுன்னா அது கை இல்லீங்க, கண்ணு. மொதல்ல போய்ச் சக்கரையப் பாருங்க" என்று மேனேஜர் அன்றைக்கே அனுப்பிவைத்தார். சர்க்கரை கண்ணுக்குள் வேலையைத் தொடங்கியிருந்தது. சீக்கிரம் பிடித்ததால் நிறுத்திவிட்டார்கள். அந்த மனிதர் இப்போதும் மொபெட் ஓட்டுகிறார்.

அப்போது பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அதற்குப் பின் எத்தனையோ பேருக்கு அந்தத் தட்டை வைத்துச் சோதித்தவனும் நான்தான். பாய் தேநீருக்குச் சர்க்கரை போட்டுக்கொள்வதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது என்பதும் எனக்குத் தெரியும், எதிரே உட்கார்ந்து தினுசு தினுசாகக் கேலி செய்திருக்கிறேன். இவ்வளவும் தெரிந்தவன் மூன்று வருடம் அந்த நீலத்தைப் பார்த்தேன். சிவப்புக் கோட்டுச் சிப்பாய்களை அடிக்கிறவராக இருந்திருந்தால் தெரியாமல் போயிருக்கும். கப்பல்காரர்கள் என்பதால் நீலமும் தங்கமும் என் கண் முன்னால் வருடா வருடம் வந்து நின்றன. லேபில் என்றால் ஒரே நாளில் சொல்லியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எனக்குப் பொம்மை மட்டும்தான் தெரிந்தது.

போன வருடம் ஒரு காலை நேரம், அக்கா போன் செய்தார். "தம்பி, கடையத் தொறந்துட்டு இருந்தாங்க. கண்ணு முன்னால கருப்பா நூல் நூலா ஓடுதுங்கறாங்க. எனக்கு பயமா இருக்கு."

நான் போய்ச் சேர்ந்து கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சொட்டு மருந்து விட்டு, இருட்டு அறையில் உட்கார வைத்து, வெகுநேரம் பார்த்தார்கள். வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருந்தது. இடது கண்ணிலும் விழித்திரை பெரும்பாலும் போயிருந்தது. டாக்டர் இளம்பெண், பொறுமையாகத்தான் பேசினார்.

"இது ஒரு நாள்ல வந்ததில்லைங்க ஐயா. முன்னாடியே ஏதாச்சும் தெரிஞ்சிருக்கும். நீலம், பச்சை, மஞ்சள் இதெல்லாம் குழம்பிச்சா? யாராச்சும் சொன்னாங்களா?"

பாய் யோசித்தார். "இல்லம்மா. அப்படி யாரும் சொல்லலியே."

நான் அவர் நாற்காலிக்குப் பின்னால், அவருடைய செருப்புப் பையையும் மருந்துச் சீட்டையும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எந்த வருடம், எந்தப் பொம்மை, எவ்வளவு பச்சை என்று மூன்று தாள்கள் என் பீரோவில் இருந்தன. வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் எது என்று கேட்டால், 'அலட்சியம்' என்று எழுதியதைச் சொல்ல மாட்டேன். அந்த அறையில் நின்றிருந்ததைத்தான் சொல்வேன்.

ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள், பிறகு ஒரு ஆபரேஷனும் நடந்தது. வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. கடையில் இப்போது அக்காதான் உட்காருகிறார். கண்ணாடி வெட்ட ஆள் வைத்திருக்கிறார்கள்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவதை நிறுத்தவில்லை. ஆனால் போய் உட்கார்ந்து மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசிவிட்டு வந்துவிடுவேன். ஐந்து மாதம் அப்படிப் போனது. ஒரு ராத்திரி வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவிக்கு விஷயம் தெரிந்ததும் அவள் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "அவருகிட்டப் போயி சொல்லிப்போடுங்க. நம்மூட்டுக்குள்ளயே வெச்சுட்டு என்ன பண்றது?" என்றாள்.

மூன்று தாள்களையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். மத்தியான வேளை. பாய் ஜன்னலோரம் தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். வளைகழுத்து விளக்கும் குட்டிப் பாட்டில்களும் வைத்தது வைத்தபடி இருந்தன. யாரோ தூசி தட்டி வைத்திருக்கிறார்கள்.

"பாய், உங்க பொம்மைக்கு வந்த ஷீட்டு மூணும் எழுதுனது நானுங்க."

"தெரியும் தம்பி."

"எப்படிங்க?"

"பதினஞ்சு வருசமா பிரேம் அளவு எழுதிக் குடுத்திருக்கீங்க. உங்க எழுத்து தெரியாதா எனக்கு?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். லேபில் மூத்தவருக்கு நடந்தது, அந்த வில்லைத் தட்டு, டாக்டர் கேட்டபோது நான் பின்னால் நின்றது, எதையும் விடவில்லை. அவர் துணி கேட்டு நான் தராமல் விட்டதையும் சொன்னேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு கேட்டார். நடுவில் அக்கா தேநீர் கொண்டுவந்தார். வழக்கம்போல எட்டத் தள்ளி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

பாய் ஜன்னலிலிருந்து முகத்தை என் பக்கம் திருப்பினார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"வாயால சொல்லியிருந்தா போயிருப்பேன் தம்பி. ஷீட்டுல வந்துச்சு. ஷீட்டுல வந்தா அது பொம்மைக்குத்தான?"

நான் அழுதேன். ஐம்பத்து நாலு வயதில் இன்னொருவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். அவர் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. அது ஓய்ந்த பிறகு கையை நீட்டி மேசைக்குக் கீழே தடவினார். முட்டை அட்டை ஒன்றை எடுத்து, குழி குழியாக விரலால் எண்ணிப்போய், ஒரு பொம்மையை எடுத்தார். கண் போவதற்கு முன்னால் அவர் கடைசியாக அடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு அதிகாரி, முகம் இன்னும் அடிப்பூச்சோடு இருந்தது. கோட்டு மட்டும் முடிந்திருந்தது. மடிப்புக்கு மடிப்பு நிழல் வைத்து, ஒரு இடத்தில்கூட பிசிறு இல்லாமல்.

அதை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இப்ப சொல்லுங்க. கோட்டு என்ன கலரு?"

ஜன்னலுக்குத் திருப்பிப் பார்த்தேன். லென்ஸ் தேவைப்படவில்லை.

"பச்சைங்க பாய்."

"லேசாவா?"

"இல்லீங்க. நல்லாவே பச்சை."

அவர் பொம்மையைத் திரும்ப வாங்கி, கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தோளிலிருந்து கீழே வரை ஒருமுறை தடவினார்.

"நான் நீலம்னே பாத்துட்டு இருந்தேன் தம்பி" என்றார்.